காரல் மீனில் இருந்து ஒரு அளவுகருவி: ஒளிரும் பாக்டீரியாவைப் பிரித்து நீர்ச் சோதனைக்குப் பழக்கிய பதிவு

நான்காவது முயற்சிதான் கையில் நின்றது. முதல் மூன்றும் மூன்று வேறு காரணங்களால் கெட்டன. அந்தக் காரணங்களே பிறகு நீர்ச் சோதனையிலும் குறுக்கே வந்ததால் அவற்றையும் வரிசையாகவே எழுதுகிறோம்.

நோக்கம் இரண்டு. ஒன்று, கடைமீனில் இருந்து ஒளிரும் பாக்டீரியாவைத் தனி இனமாகப் பிரித்து மாதக்கணக்கில் ஒளிரவைப்பது. இரண்டு, அந்த ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு நீரில் உள்ள நச்சை அளப்பது. ஆய்வகங்கள் இந்த இரண்டாவது வேலைக்கு அலிவிப்ரியோ ஃபிஷரி என்ற பாக்டீரியாவைப் பயன்படுத்துகின்றன. அதற்கு ஐஎஸ்ஓ 11348 என்ற பன்னாட்டுத் தரமுறையும் உண்டு. அந்த முறையில் வெப்பநிலை 15 டிகிரி. சாதாரண அறையில் அதைக் கட்டிக்காப்பது கடினம். காரலில் குடியிருப்பது ஃபோட்டோபாக்டீரியம் லெயோக்னாத்தி என்ற பாக்டீரியா. வெப்பக் கடலின் உயிர் என்பதால் 25 டிகிரியை ஒட்டி நன்றாக வளரும். அதன் நெருங்கிய உறவுக்கு மாண்டபாமென்சிஸ் என்று பெயர், நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தின் பெயரால் வந்தது. இந்தக் கரைக்குப் பொருத்தமான உயிர் இந்தக் கரை மீனிலேயே இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

முதல் முயற்சி கணவாயில். ஊசிக் கணவாயை 3 சத உப்புநீரில் பாதி மூழ்கும்படி தட்டில் வைத்து ஓர் இரவு விட்டால் தோலில் நீலப்புள்ளிகள் தோன்றும் என்பது பரவலாகச் சொல்லப்படும் வழி. குளிர்நாட்டுக் குறிப்பு அது. 32 டிகிரி அறையில் விடிவதற்குள் தட்டு நாறியது, ஒரு புள்ளியும் ஒளிரவில்லை. சூட்டில் அழுகல் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. தவிர, வாங்கிய கணவாய் நன்னீர்ப் பனிக்கட்டியில் கிடந்து குழாய்நீரில் கழுவப்பட்டது. உப்புக்குப் பழகிய இந்தச் செல்கள் நன்னீர் பட்டால் ஊதி வெடித்துவிடும். தோலின்மேல் இருந்தவை அப்போதே போயிருக்க வேண்டும். பனி படாத கணவாய் படகடியில் கிடைத்து, 18 முதல் 20 டிகிரியில் வைக்க வழியும் இருந்தால் இதே முறை பலிக்கக்கூடும்.

அதனால் காரலுக்கு மாறினோம். சென்னைப் பக்கம் காரப்பொடி என்பார்கள். வெள்ளித் தகடு போன்ற உடம்பு, மேலே வழுவழுப்பான கோழை, வாயைப் பிடித்து இழுத்தால் குழாய்போல் முன்னே நீளும். இதன் ஒளியுறுப்பு உடலுக்குள்ளே, உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையமாகச் சுற்றியிருக்கிறது. வெளியே பனி பட்டாலும் தண்ணீர் பட்டாலும் உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குச் சேதமில்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியது வயிறுதான். வயிறு உடையாத, செவுள் சிவப்பாக உள்ள மீன் வேண்டும், 8 செ.மீ. நீளத்துக்குக் குறையாமல். அரைக் கிலோ 80 ரூபாய், ஏறத்தாழ 40 மீன். தேவை நான்கைந்துதான். உறைபெட்டியில் கல்லாக இறுகிய காரலையும் ஒருமுறை பார்த்தோம், ஒரு காலனிகூட, அதாவது செல் பெருகி உண்டாகும் புள்ளிகூட, வரவில்லை.

இரண்டாவது முயற்சி காரலில்தான், ஆனால் ஒளியுறுப்பை அரைத்தது காய்ச்சி வடித்த நீரில். கணவாயில் கற்ற பாடத்தை அரைமணி நேரத்தில் மறந்த தவறு. ஊடகம் ஊற்றிய தட்டுகள் மூன்று நாள் வெறுமையாகவே இருந்தன. அன்றிலிருந்து மேசையில் ஒரே ஒரு நீர்ப்புட்டிதான்: 3 சத உப்புநீர், குக்கரில் வேகவைத்தது. கத்தி அலச, அரைக்க, நீர்க்க எல்லாவற்றுக்கும் அதுவே.

பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகம், 500 மி.லி. கணக்கில்: கடல்நீர் 375 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 125 மி.லி., பெப்டோன் (புரதத்தை உடைத்துச் செய்த தூள்) 2.5 கிராம், ஈஸ்ட் சாறு 1.5 கிராம், கிளிசரின் 1.5 மி.லி., கால்சியம் கார்பனேட் தூள் 2.5 கிராம், ஆய்வக அகர் 7.5 கிராம். கடல்நீரை மெல்லிய துணியில் இரண்டு முறை வடித்து, இருட்டில் ஒரு வாரம் வைத்துத் தெளிந்த மேல்நீரை எடுத்தோம். கடல்நீர் கிடைக்காத ஊரில் 500 மி.லி. நீருக்கு அயோடின் சேர்க்காத கல்லுப்பு 15 கிராம், எப்சம் உப்பு 3 கிராம் என்று போடலாம். வளர்ச்சி வரும், ஒளி சற்றுக் குறைவு. மளிகைக்கடைக் கடற்பாசியிலும் செய்தோம். 7.5 கிராமில் தட்டு கொழகொழவென்று இருந்து, பாக்டீரியாவைப் பரப்பக் கோடிழுக்கும்போது கிழிந்தது, 10 கிராம் போட்டதும் சரியானது. ஆனால் கலங்கல் இருப்பதால் புகைப்பட அளவுக்கு அது உதவாது.

அந்தக் கால்சியம் கார்பனேட்டை விட்டுவிடக் கூடாது. கிளிசரினைத் தின்று பாக்டீரியா அமிலம் விடும், அமிலம் கூடினால் ஒளி அணையும். தூள் கரையாமல் நின்று அமிலத்தை அவ்வப்போது முறிக்கிறது. தூள் போடாத தட்டு முதல் இரவு அழகாக ஒளிர்ந்து மூன்றாம் இரவில் கருத்தது. போட்ட தட்டு ஆறாம் இரவிலும் தெரிந்தது. தூள் அடியில் படியும், ஊற்றும் முன் புட்டியைச் சுழற்றிச் சுழற்றி ஊற்ற வேண்டும்.

கிருமிநீக்கம் 5 லிட்டர் பிரஷர் குக்கரில். புட்டியில் பாதிக்கு மேல் ஊடகம் வேண்டாம். மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி மேலே அலுமினியத் தாளைச் சுற்றவும். முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்து 20 நிமிடம், பிறகு தானாக ஆற விடவும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் ஊடகம் பொங்கி மூடிவழியே வழிந்து, இழைகளில் ஒட்டிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும். புட்டி கைபொறுக்கும் சூட்டுக்கு, சுமார் 50 டிகிரிக்கு வந்ததும் தட்டுக்கு 20 மி.லி. வீதம் ஊற்றினோம். இறுகியபின் ஓர் இரவு கவிழ்த்து வைத்து ஈரம் உலரவிட வேண்டும். ஈரத்தட்டில் காலனிகள் நீரோட்டத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மூன்றாவது முயற்சியில் எல்லாம் சரி, நீர்த்தது மட்டும் போதவில்லை. அரைத்த சாற்றை அப்படியே 0.1 மி.லி. பரப்பினோம். தட்டு முழுக்க ஒரே பால்படலமாக வளர்ந்து, இருட்டில் முழுவட்டமாக ஒளிர்ந்தது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, வேலைக்குப் பயனில்லை. தனிக்காலனி ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. மறுநாளே குடலில் இருந்து கலந்த வேறொன்று மேலே படர்ந்து மூடிவிட்டது.

நான்காவது முறை செய்தது இப்படி. மீனின் வெளிப்புறத்தை 70 சத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, உப்புநீர் ஊற்றி அலசினோம். கூர்நுனிக் கத்தரியால் ஆசனவாயில் இருந்து தொண்டைவரை ஆழமில்லாமல் வெட்டு. குடலைக் குத்திவிட்டால் அந்த மீனை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பதே நல்லது. கல்லீரலை விலக்கினால் உணவுக்குழாயைச் சுற்றி வெளிறிய, சற்றுத் தடித்த மோதிரம் தெரியும். 8 செ.மீ. மீனில் அதன் குறுக்களவு 3, 4 மி.மீ. தான். அதன் பின்னால் வெள்ளியாய் மின்னும் காற்றுப்பை இந்த ஒளியைப் பிரதிபலித்து வயிற்றுப்பக்கம் அனுப்பும் கண்ணாடி. சந்தேகம் இருந்தால் விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். புது மீனில் மோதிரம் தானாகவே தெரியும்.

மோதிரத்தை மட்டும் வெட்டி, 1 மி.லி. உப்புநீரில் கண்ணாடிக் குச்சியால் நசுக்கி, அதில் 0.1 மி.லி. எடுத்து 0.9 மி.லி. உப்புநீரில் விட்டால் பத்து மடங்கு நீர்ப்பு. இதையே ஆறு முறை. நான்காம், ஐந்தாம், ஆறாம் குழாய்களில் இருந்து தட்டுக்கு 0.1 மி.லி. பரப்பினோம். ஊசியில்லாத 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்ச் அளவுக்குப் போதும், ஒவ்வொரு படிக்கும் புதிது. தட்டுகளைக் கவிழ்த்துத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பக்கத்தில் பாதி உறைந்த தண்ணீர்ப் புட்டி ஒன்று. ஆறு மணிக்கொருமுறை புட்டியை மாற்றினால் உள்ளே 24 முதல் 26 டிகிரி நிற்கும். அறைச் சூட்டில் 33 டிகிரியில் வைத்த இணைத்தட்டில் காலனிகள் பெரிதாகவே வந்தன, ஒளி மிக மங்கல். வளர்ச்சிக்குத் தாங்கும் சூட்டில் ஒளி தாங்காது. 37 டிகிரி இன்குபேட்டரில் மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்க வேண்டாம். மனித உடல்சூட்டில் வளரப் பழகியவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது போல ஆகும். விப்ரியோ என்ற கடல் பாக்டீரியாக்களில் காயத்தின் வழி புகுந்து உயிருக்கே ஆபத்தாகும் இனங்களும் உண்டு. கையில் கீறல் இருந்தால் கையுறை கட்டாயம்.

18 மணி நேரத்தில் ஐந்தாம் நீர்ப்புத் தட்டில் எண்ணக்கூடிய அளவில் காலனிகள். விளக்கணைத்த அறையில் 15 நிமிடம் கண் பழக வேண்டும். நேராக முறைத்துப் பார்ப்பதைவிடச் சற்று ஓரப்பார்வையில் நன்றாகத் தெரியும். வழி பார்க்கச் சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச் போதும், செல்பேசியைத் தொட்டால் மறுபடி 15 நிமிடம். ஒளிரும் காலனியைத் தொட, பல்குத்தும் குச்சியை அதன்மேல் கொண்டுவந்தால் ஒளியின் முன் குச்சி கரிய கோடாகத் தெரியும். அந்த நிழல் வழிகாட்ட நடுவில் தொட்டுப் புதுத்தட்டில் கோடிழுத்தோம். இப்படி மூன்று முறை. மூன்றாவது தட்டில் எல்லாக் காலனியும் ஒரே உருவம், ஒரே ஒளி என்றால்தான் தனியினம் என்று நம்பலாம். எந்த இனம் என்பதை மரபணு வரிசை பார்த்தே உறுதிசெய்ய முடியும். காரலின் ஒளியுறுப்பில் இருந்து வந்தது என்பதால் லெயோக்னாத்தி கூட்டம் என்று எழுதி வைத்திருக்கிறோம், அதற்குமேல் சொல்லவில்லை.

கடல்நீரை வாளியில் மொண்டு வந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியது நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரால். அது அசைத்தால் மட்டும் மின்னும், இந்த ஊடகத்தில் வளராது. பாக்டீரியாவின் ஒளி விட்டுவிட்டு மின்னாது, ஓயாமல் எரியும். அளப்பதற்கு இதை வைத்துக்கொள்ள முடிவது அதனால்தான்.

பாதுகாப்பதில் ஒரு அடி வாங்கினோம். தட்டுகளை பாரஃபின் நாடா சுற்றிக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில், 4 டிகிரியில் வைத்தோம். இரண்டு வாரம் கழித்துப் புதுத்தட்டில் இழுத்தால் ஒன்றும் எழவில்லை. வெப்பக்கடல் உயிருக்கு அந்தக் குளிர் ஆகாது. இப்போது 24 டிகிரிப் பெட்டியிலேயே வைத்துப் பத்து நாளுக்கு ஒருமுறை புதுத்தட்டுக்கு மாற்றுகிறோம். மாற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொத்தை இழுக்கக் கூடாது. ஒளி மங்கிய மாற்றுருக்கள் தாமே தோன்றும். ஒளிரச் செலவாகும் ஆற்றல் மிச்சம் என்பதால் அவை வேகமாகப் பெருகி, நான்கைந்து மாற்றங்களில் தட்டையே இருட்டாக்கிவிடும். ஒவ்வொரு முறையும் இருட்டில் பார்த்து, மிகப் பிரகாசமான தனிக்காலனியை மட்டும் எடுக்க வேண்டும். கூடவே 20 சத கிளிசரின் கலந்த வளர்ப்பைச் சிறு குழாய்களில் உறைபெட்டியிலும் வைத்திருக்கிறோம். தானாகப் பனி உருக்கும் உறைபெட்டி இதற்கு ஆகாது, உருகி உருகி உறைவதில் செல்கள் சாகும்.

இனி நீர்ச் சோதனை. தெரிந்த நச்சில் தொடங்குவதுதான் முறை. எடுத்தது மயில்துத்தம் (செம்பு சல்பேட்). அதன் எடையில் செம்பு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 393 மி.கி. துத்தத்தை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. செம்பு. அதிலிருந்து 10, 5, 2.5, 1.25, 0.63 என்று பாதி பாதியாக இறக்கினோம்.

முதல் ஓட்டத்தில் செம்பு சேர்க்காத குழாய் உட்பட எல்லாமே இருண்டன. நீர்ப்புகளை வெறும் காய்ச்சி வடித்த நீரில் செய்திருந்தோம். நச்சு கொன்றதா, உப்பின்மை கொன்றதா என்று பிரிக்கவே வழியில்லை. ஆற்றுநீர், கிணற்றுநீர் எதைச் சோதித்தாலும் முதலில் 100 மி.லி. நீருக்கு 3 கிராம் உப்பு போட்டுக் கரைத்த பிறகே பாக்டீரியாவைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் ஓட்டத்தில் நேர்மாறு. அகர் சேர்க்காத நீர்ம ஊடகத்தில் வளர்த்த பாக்டீரியாவை அப்படியே சேர்த்ததில் 10 மி.கி. செம்பிலும் ஒளி குறையவே இல்லை. பெப்டோன் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, செல்லுக்கு மிச்சம் போய்ச் சேருவதில்லை. சுழற்சிக் கருவி (சென்ட்ரிஃபியூஜ்) இருந்தால் செல்களைக் கழுவலாம். இல்லாதவர்களுக்கு எளிய வழி: 18 மணி நேரத் தட்டில் இருந்து காலனிகளைக் குச்சியால் வழித்து 3 சத உப்புநீரில் கரைப்பது. ஊடகம் ஏறத்தாழ ஒட்டாது.

மூன்றாவது தொல்லை காற்று. இந்த ஒளிக்கு ஆக்சிஜன் வேண்டும். 1668-லேயே ராபர்ட் பாயில் காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் கலத்தில் ஒளிரும் மரத்துண்டும் மீனும் மங்கியதையும், காற்று விட்டதும் மரம் திரும்ப ஒளிர்ந்ததையும் எழுதியிருக்கிறார். அடர்த்தியான கரைசலைக் குழாயில் நிறுத்திவைத்தால் செல்களே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், இரண்டு நிமிடத்தில் மேலே ஒரு வளையம் மட்டும் ஒளிரும். குலுக்கினால் முழுக்க எரியும். எனவே கரைசலை மெலிதாக, குழாயின் பின்னால் பிடித்த செய்தித்தாள் எழுத்து படிக்கத் தெரியும் அளவுக்கு நீர்த்தோம். குழாயில் 2 மி.லி.க்கு மேல் வைக்கவில்லை. படம் எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஆறு குழாய்களையும் ஒரே தாங்கியில் பத்துத் தடவை கவிழ்த்தோம்.

அளவுகருவி செல்பேசிக் கேமரா. அட்டைப்பெட்டி, உள்ளே மினுக்கமில்லாத கருப்புப் பூச்சு, கேமராவுக்கும் குழாய்க்கும் 15 செ.மீ. தானியங்கு இரவு முறையில் எடுத்தால் கேமராவே மங்கிய குழாய்களைத் தூக்கிக் காட்டிவிடும், எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கையியக்க முறையில் ஒளியுணர்திறன் (கேமராவின் ஐஎஸ்ஓ) 1600, 30 நொடி, குவியம் பூட்டியது, கேமரா திருத்தாத ரா கோப்பு. மூடி போட்ட இருட்டுப்படம் ஒன்றும் எடுத்து அதன் மதிப்பைக் கழிக்க வேண்டும். இமேஜ்ஜே மென்பொருளில் ஒவ்வொரு குழாயின் நடுவிலும் ஒரே அளவுக் கட்டம் போட்டு, பச்சை, நீல மதிப்புகளின் சராசரியைக் குறித்தோம்.

ஆறு குழாய்களிலும் இருமடங்குச் செறிவில் செய்த செம்பு நீர்ப்பு 1 மி.லி., தட்டில் வழித்த கரைசல் 1 மி.லி. சேர்த்தவுடன் ஒரு படம், 15, 30 நிமிடங்களில் ஒவ்வொன்று. செம்பு இல்லாத குழாயும் நேரம் போகப்போக மங்கும், அதைக் கழிக்காமல் கணக்கே இல்லை. எடுத்துக்காட்டாக, தூய குழாய் 200-இல் இருந்து 160-க்கு வந்தால் எஞ்சியது 0.8 பங்கு. சோதனைக் குழாய் 190-இல் தொடங்கினால் நச்சில்லாதபோது 152 இருக்க வேண்டும். அது 76 காட்டினால் நச்சால் போனது பாதி.

அப்படிக் கணக்கிட்டபோது 10, 5 இரண்டும் 15 நிமிடத்திலேயே இருட்டுப்படத்தோடு ஒட்டிவிட்டன. 2.5 கண்ணுக்கே மங்கல். 1.25 குழாய் 15 நிமிடத்தில் பாதிக்கு மேல் இருந்து, 30 நிமிடத்தில் பாதிக்குக் கீழே வந்தது. 0.63-இல் இறக்கம் இருந்தும் இரண்டு ஓட்டங்களுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிதில்லை, அதை எண்ணாகச் சொல்ல மாட்டோம். உலோகங்கள் செல்லுக்குள் மெல்லப் புகுவதால் 30 நிமிடப் படம் அவசியம். ஃபீனால் போன்றவை ஐந்து நிமிடத்திலேயே முடித்துவிடும்.

நிறமுள்ள நீரில் எச்சரிக்கை வேண்டும். சாயப்பட்டறைக் கழிவுநீர் போன்றது நச்சே இல்லாவிட்டாலும் நீல ஒளியைத் தானே விழுங்கும். அதற்கு ஒரு சரிபார்ப்பு: பாக்டீரியாக் குழாயின் முன்னால் அந்த நீரைத் தனிக் கண்ணாடிக் கலத்தில் நிறுத்தி ஒரு படம். அதில் குறைவது நிறத்தால் மட்டுமே. சோதனை நீரின் பிஎச் 6-க்கும் 8.5-க்கும் வெளியே இருந்தால் அதையும் முதலில் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் அளப்பது அமிலத்தை.

செலவு: மீன் 80, பெப்டோனும் ஈஸ்ட் சாறும் 100 கிராம் பொதிகளாக ஏறத்தாழ 900, அகர் 100 கிராம் 600, தட்டு 50-க்கு 450, மற்றவை 300 ரூபாய். பெப்டோன் பொதி ஒன்றில் 20 லிட்டர் ஊடகம் வரும், அதனால் அடுத்தடுத்த முறைகளில் செலவு தட்டுக்கு மட்டுமே.

பயன்படுத்திய தட்டு, குழாய் எல்லாவற்றையும் குக்கரில் 30 நிமிடம் வேகவைத்த பிறகே எறிகிறோம். கடற்கரை மாவட்டங்களில் இது கூடுதலாக முக்கியம். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் ஒளிரும் விப்ரியோ ஹார்வேயி தொட்டி தொட்டியாகக் குஞ்சுகளைக் கொல்லும் நோய்க்கிருமி. நம் காலனி அந்த இனமில்லை என்று கண்ணால் பார்த்து யாரும் உறுதி தர முடியாது. உயிருள்ள வளர்ப்பைச் சாக்கடையிலோ கழிமுகத்திலோ ஊற்றவே கூடாது. செம்புக் கரைசல்களைத் தனிப்புட்டியில் சேர்த்து வைத்திருக்கிறோம், அது செடிக்கும் ஆகாது.

அடுத்த சுற்றில் மாற்றப்போவது மூன்று. கேமராவுக்குப் பதில் ஒளியுணர் டையோடு ஒன்றைக் குழாய் ஓட்டைக்குப் பின்னால் பொருத்தி, நிமிடத்துக்கொருமுறை பதிவது. தெர்மாகோல் பெட்டிக்குள் மின்சாரத்தில் இயங்கும் சிறிய பெல்டியர் குளிர்விப்பான், ஏனென்றால் 24-க்கும் 26-க்கும் இடையிலேயே ஒளி கண்ணுக்குத் தெரியும் அளவு மாறுகிறது. ஒவ்வொரு நாளும் சோதனைக்கு முன் 1.25 மி.கி. செம்புக் குழாய் ஒன்றை ஓட்டி, அது வழக்கமான அளவுக்கு இறங்கினால் மட்டும் அன்றைய எண்களை எழுதிக்கொள்வது.